இணைச்சீர் லென்ஸ்

திருமூர்த்தியின் கல்யாண ஆல்பத்தில் இருந்த எல்லாப் படங்களிலும் அவனுடைய அக்கா மாசாணியம்மாள் நின்றிருந்தாள். அன்றைக்கு அவள் மணமேடைப் பக்கமே வரவில்லை. சமையல் பந்தலில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள் என்பதற்கு அங்கே கூட இருந்த அத்தனை பெண்களும் சாட்சி. இது தொண்ணூற்றொன்றாம் வருடம் ஆவணியில் அவிநாசியில் நடந்தது. தேங்காய் விலை ஏறிக்கிடந்த வருடம். பெண் வீட்டார் பொள்ளாச்சித் தோப்புக்காரர்கள் என்பதால் கல்யாணத்துக்கு அது ஒரு குறையாகவில்லை. படங்களில் மாசாணியம்மாள் வெள்ளைச் சேலையில், மாப்பிள்ளைக்கு இடது கைப் பக்கம், ஒரு புதுச்சேலையின் முனையைப் பிடித்தபடி நின்றாள். அந்தச் சேலையின் மறுமுனை யார் கையிலும் இல்லாமல் தரையில் கிடந்தது. உண்மையில் அந்த இடத்தில் நின்ற பெரியப்பன் மகள் தெய்வாத்தாளும் படத்தில் இருந்தாள். ஆனால் பஸ்ஸில் அடுத்தவர் துண்டு போட்ட இடத்தில் தெரியாமல் உட்கார்ந்துவிட்டவளைப் போல ஓர் ஓரமாக ஒதுங்கியிருந்தாள்.

கொங்கு நாட்டுக் கல்யாணத்தில் தாலி கட்டுவதற்கு முன் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையுடன் பிறந்தவளை அவனுக்குப் பக்கத்தில் நிறுத்தி, புதுச்சேலையின் ஒரு முனையை அவனிடமும் மறுமுனையை அவளிடமும் கொடுப்பார்கள். பெண்டாட்டி வந்துவிட்டாள் என்பதற்காகக் கூடப் பிறந்தவளை விட்டுவிட மாட்டேன் என்று அவன் ஊர் முன்னால் வாய் திறக்காமல் சொல்வது அது. கணவனை இழந்தவளை அதில் நிறுத்துவதில்லை. மாசாணியம்மாள் கல்யாணமான மூன்றாம் வருடமே வெள்ளைச் சேலையோடு திரும்பி வந்தவள். அப்பன் ஆத்தா போன பிறகு பஞ்சு மில்லுக்குப் போய்த் தம்பியைப் படிக்க வைத்ததும் அவள்தான். இதையெல்லாம் அறிந்த அருமைக்காரர் அங்கப்பன், கல்யாணச் சடங்குகளை நடத்தித் தருகிற பெரியவர், முகூர்த்தத்துக்கு முன்னால் மாப்பிள்ளையைப் பந்தல்காலுக்கு அருகே தனியாகக் கூப்பிட்டார்.

“ஏனுங் மாப்பிள்ளை, கூடப் பொறந்தவங்க அவிய ஒருத்தர்தான். வளத்தவங்களும் அவியதான். நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா நிறுத்திப்போடலாம். யாருங்க கேக்கப் போறாங்க?”

திருமூர்த்தி பௌதிகம் படித்தவன். கிரகணத்தில் சாப்பிடுவான், பூனை குறுக்கே போனால் பூனைக்கு வழிவிடுவான். ஆனாலும் அந்த நேரத்தில் அவன் கண்ணுக்குப் பெண் வீட்டார் உட்கார்ந்திருந்த நாற்காலி வரிசைதான் தெரிந்தது. அவர்கள் குனிந்து ஒருவருக்கொருவர் ஏதாவது சொல்லிக்கொள்வார்களோ என்று பயந்தான். “பெரியப்பன் மகளே நிக்கட்டுங்க” என்றான். அதைவிடக் கேவலமானது அதற்குப் பிறகு அவன் செய்தது, அதாவது செய்யாமல் விட்டது. பெரியவர்கள் கூடி எடுத்த முடிவு என்று ஊரே நினைத்துக்கொண்டது. அவன் அப்படியே நினைக்க விட்டான்.

படங்களை எடுத்தவர் நசுருதீன். கோயமுத்தூர் டவுன்ஹால் பக்கம் ஸ்டுடியோ வைத்திருந்தவர், திருமூர்த்தியைவிட மூத்தவர், அவனுக்கு நல்ல சிநேகிதர். எடுத்த லென்ஸ் திருமூர்த்தியினுடையது. கணபதியில் அவனுக்கு ஒரு பட்டறை இருந்தது. மில்களில் துணியின் இழையை எண்ணிப் பார்க்கும் சிறிய பூதக்கண்ணாடிகளை அங்கே செய்துவந்தான். தன் கல்யாணப் படத்தைத் தன் கையால் தேய்த்த கண்ணாடியில்தான் எடுக்க வேண்டும் என்று ஒரு பிடிவாதம். எமரித் தூள் போட்டுத் தேய்த்து, ஒற்றைக் கண்ணாடியில் ஒரு லென்ஸ் செய்து, நசுருதீனின் கேமராவில் இருந்த ஜப்பான் லென்ஸைக் கழற்றிவிட்டு அதை மாட்டச் செய்தான். ஆல்பம் வந்தபோது சொந்தக்காரர்கள் அதிகம் அலட்டிக்கொள்ளவில்லை. வர வேண்டியவங்க வந்திருக்காங்க, இதிலென்ன இருக்கு என்றார் அங்கப்பன். மாசாணியம்மாளும் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்தாள்; அன்றைக்குச் சாம்பார் நன்றாக அமைந்துவிட்டது என்று மட்டும் சொல்லி மூடி வைத்தாள். திருமூர்த்திக்குத்தான் சோறு இறங்கவில்லை. இது லென்ஸின் பிழை என்று அவன் முடிவு செய்தான். லென்ஸின் பிழையைத் திருத்த முடியும்.

உலகத்தில் லென்ஸ் வளர்ந்த கதையே பிழை திருத்திய கதைதான். ஒற்றைக் கண்ணாடி நடுவில் தெளிவாகவும் ஓரத்தில் கலங்கலாகவும் காட்டும். பொருள்களின் விளிம்பில் சிவப்பும் நீலமுமாகச் சாயம் கசியும். முன்னோர்கள் ஒவ்வொரு பிழையாகப் பிடித்து விரட்டினார்கள். ஒன்றை விரட்டினால் வேறொன்று வேறு வாசல் வழியாக உள்ளே வந்தது. அவர்கள் இருநூறு வருடங்களில் நடந்த தூரத்தைத் திருமூர்த்தி கணபதிப் பட்டறையில் எட்டு வருடத்தில் நடந்தான். வேறெவரும் தன் அக்காவைப் படத்திலிருந்து வெளியேற்றுவதற்காக அந்த வழியில் நடந்ததாகத் தெரியவில்லை.

முதலில், பழைய ஆட்கள் செய்ததைப் போலக் கண்ணாடியைப் பிறை போல ஒரு பக்கம் குழித்து, வெளிச்சத்தை அளந்து விடும் துவாரத் தகட்டை அதற்கு முன்னால் தள்ளி வைத்தான். ஓரத்துக் கலங்கல் குறைந்தது. அதனால், யாரை எடுத்தாலும் படத்தில் வந்து நின்ற மாசாணியம்மாளின் கால் விரல்கள்கூடத் தெளிவாகத் தெரிந்தன. அடுத்து, லேசான கண்ணாடி ஒன்றையும் ஈயம் கலந்த கனத்த கண்ணாடி ஒன்றையும் செய்து, இரண்டையும் மரப்பிசினால் ஒட்டினான். ஒன்று பிரிக்கும் நிறங்களை மற்றொன்று கூட்டிச் சேர்த்துவிடும். சாயக் கசிவு அடியோடு நின்றது. நசுருதீன் அந்த லென்ஸில் ஒரு காதுகுத்துக்குப் படம் எடுத்துக் கழுவிக் கொண்டுவந்தபோது திருமூர்த்தி அதை வாங்கி ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தான். பழைய ஒற்றைக் கண்ணாடியின் கசிவில் அக்காவின் வெள்ளைச் சேலைக்குச் சிவப்பிலும் நீலத்திலும் மெல்லிய கரை ஓடியிருந்தது. அதை அவன் அதுவரை பிழை என்றே பார்த்திருந்தான். இப்போது கரை போய்விட்டது. அவள் சுத்த வெள்ளையில் நின்றாள். அந்தக் கரையை உருவியது தன் கைதான் என்று அவனுக்குக் குத்தியது. ஆனாலும் நிறுத்தவில்லை.

பிறகு ஒரே மாதிரி இரண்டு ஜோடிகளைத் துவாரத் தகட்டுக்கு முன்னும் பின்னும் எதிரெதிரே வைத்தான். முன்னது செய்யும் கோணலைப் பின்னது நிமிர்த்தும். சுவர்கள் நேராகின, தூண்கள் நேராகின. மாசாணியம்மாள் படத்தின் இரண்டு பக்கமும் நின்றாள். இதற்குள் பட்டறையில் செய்த மில் கண்ணாடிகளிலும் அவள் தென்பட ஆரம்பித்திருந்தாள். இழை எண்ணக் குனிந்த மேஸ்திரிகள், துணிக்குள் ஒரு அம்மா துணி பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள், எண்ணிக்கைக்கு ஒன்றும் கெடுதல் இல்லை என்று சொல்லிவிட்டு அடுத்த ஆர்டரையும் கொடுத்தார்கள். வியாபாரத்துக்கு நஷ்டம் எதுவுமில்லை. நஷ்டமெல்லாம் திருமூர்த்தியின் உடம்புக்குத்தான். முப்பத்தைந்து வயதுக்குள் தலை பாதி நரைத்துவிட்டது.

தொண்ணூற்றைந்தில் அவன் மூன்று கண்ணாடிக்கு வந்தான். நூறு வருடத்துக்கு முன்னால் சீமையில் டெலஸ்கோப் கம்பெனி ஒன்றில் இருந்த ஒருவர் கண்டுபிடித்த ஏற்பாடு அது. குவிந்த கண்ணாடிகள் இரண்டு, நடுவில் குழிந்தது ஒன்று, இடையிடையே காற்று. இவ்வளவு கொஞ்சம் கண்ணாடியில் இவ்வளவு பிழைகளை அதற்கு முன் யாரும் அடக்கியதில்லை. ஒவ்வொரு கதிரும் எங்கே வளைந்து எங்கே விழும் என்று மடக்கை அட்டவணையை வைத்துக் கையால் கணக்குப் போட்டு, மழைக்காலம் முழுவதும் அதிலேயே கிடந்து, அந்த லென்ஸைச் செய்து முடித்தான். அதில் எடுத்த படத்தில் மாசாணியம்மாள் இல்லை. ஓரத்தில் ஒரு கை மட்டும் சேலை முனையைப் பிடித்திருந்தது. அச்சுப் போடும்போது ஓரத்தைக் கொஞ்சம் வெட்டிவிட்டால் அதுவும் போயிற்று. ஆர்.எஸ்.புரத்து ஸ்டுடியோக்கள் வரிசையாக வந்து லென்ஸ் வாங்கின.

அந்த வருடம்தான் வாக்காளர் அடையாள அட்டைக்குப் படம் எடுக்க அவிநாசிப் பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டார்கள். மாசாணியம்மாள் வரிசையில் நின்று, தலை சீவி, நாற்காலியில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டாள். உடனே கைக்கு வந்த படத்தில் நாற்காலி மட்டும் இருந்தது. மறுபடி எடுத்தார்கள், மறுபடியும் நாற்காலி. ஃபிலிம் தீர்ந்துவிடும் என்று அடுத்த முறை வரச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். இந்தச் செய்தியைச் சொன்னவள் திருமூர்த்தியின் மனைவி சண்முகப்பிரியா. நாத்தனாரிடம் அவளுக்குப் பிரியம் உண்டு, அவ்வப்போது கணபதியிலிருந்து அவிநாசிக்குப் போய்வருவாள். பிறகு வேறு செய்திகளும் வந்தன. கடைக்காரர் மாசாணியம்மாளைப் பார்க்காமல் அவளுக்குப் பின்னால் நிற்பவரைக் கேட்கிறார். கை காட்டினாலும் பஸ் நிற்பதில்லை. கோயிலில் திருநீறு கொடுப்பவர் அவளைத் தாண்டிப் போய்விடுகிறார், அழைத்தால் திரும்பி வந்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டுக் கொடுக்கிறார். லென்ஸிலிருந்து தான் விலக்கியதெல்லாம் அவளிடமிருந்தே விலகுகிறது என்று திருமூர்த்திக்கு அப்போதே புரிந்தது. புரியவில்லை என்று இந்தக் கதையில் சொன்னால் அது பொய். புரிந்தது, அதன் பிறகும் செய்தான். அந்தக் கை ஒன்றுதான் பாக்கி, அதுவும் போய்விட்டால் தான் நிம்மதியாகத் தூங்கலாம் என்று நினைத்தான்.

ஒரு நாள் சாப்பிடும்போது சண்முகப்பிரியா சாதாரணமாகச் சொன்னாள். கல்யாணத்தன்று அக்காவை நிறுத்துவார்கள் என்றுதான் தன் வீட்டார் எல்லாரும் எதிர்பார்த்தார்களாம். அவளுடைய அப்பா, வளர்த்தவளை நிறுத்தாத பெரியவர்கள் என்ன பெரியவர்கள் என்று அன்றைக்கே வருத்தப்பட்டாராம். எந்த நாற்காலி வரிசைக்குப் பயந்து திருமூர்த்தி அந்த வார்த்தையைச் சொன்னானோ, அந்த வரிசையில் அவனைக் குறை சொல்ல ஒருவரும் உட்கார்ந்திருக்கவில்லை. பெரியவர்கள் யாரும் சொல்லவில்லை, சொன்னது தான்தான் என்று அப்போதாவது மனைவியிடம் சொல்லியிருக்கலாம். மோர் ஊற்றச் சொன்னான்.

தொண்ணூற்றேழில் பட்டறைக்குக் கம்ப்யூட்டர் வந்தது. ஒரு மழைக்காலம் பிடித்த கணக்கை அது டீ ஆறுவதற்குள் போட்டது. ஆயிரக்கணக்கான கதிர்களை விட்டுப் பார்த்து, கண்ணாடிகளைத் தானே வளைத்தும் தள்ளியும், எல்லாப் பிழைகளையும் சேர்த்து ஒரே எண்ணாகக் காட்டும். அந்த எண் குறையக் குறைய லென்ஸ் நல்லது. திருமூர்த்தி ஆறு கண்ணாடிக்குப் போனான். கண்ணாடி கூடினால் ஒவ்வொரு முகத்திலும் வெளிச்சம் பட்டுத் தெறித்துப் பேய் பிம்பங்கள் வரும். அதற்கு ஊதா நிறத்தில் மெல்லிய பூச்சுப் பூச வேண்டும். அதையும் பூசினான். தொண்ணூற்றொன்பதாம் வருடம் ஆனியில் அந்த லென்ஸ் முடிந்தது. பட்டறை வாசலில் வைத்துத் தெருவைப் பார்த்தான். தெரு இருந்தது, மரம் இருந்தது, சைக்கிளில் போகிறவர் இருந்தார். ஓரத்தில் கை இல்லை. எட்டு வருடத்தில் முதல் முறையாக அவனுக்குப் பசித்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக் கேட் திறக்கும் சத்தம் கேட்டுச் சண்முகப்பிரியா எட்டிப் பார்த்தாள். வாசலில் யாரும் இல்லை. ஒரு மஞ்சப்பை மட்டும் இடுப்பு உயரத்தில் நின்றது. அதற்கு வெளியே முருங்கைக்கீரைக் கொத்து நீட்டிக்கொண்டிருந்தது. யாருங்க என்று கேட்டாள். “நாந்தானுங் அம்மணி, கீரை கொண்டாந்தேன்” என்றது மாசாணியம்மாளின் குரல். அவிநாசியிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்ததாகவும், டிக்கெட் கேட்க ஆள் வரவில்லை என்றும் சொன்னது. சண்முகப்பிரியா பையை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, நாற்காலியைப் போட்டாள். பிறகு அடுப்படிக்குப் போய்ச் சத்தமில்லாமல் அழுதாள். திருமூர்த்தி நாற்காலியைப் பார்த்தான். ஒயர் பின்னல் கொஞ்சம் அமிழ்ந்திருந்தது, அவ்வளவுதான். நன்றாக இருக்கிறாயா, ஏன் இளைத்துவிட்டாய் என்று வெறும் நாற்காலி அவனைக் கேட்டது. கேமராவில்தான் வராது, மற்றவர்களுக்குத்தான் தெரியாது என்று இருந்தவனுக்கு, இப்போது தன் கண்ணுக்கே அவள் இல்லை.

பட்டறைக்கு ஓடி அங்கிருந்த தன் லென்ஸ்களையெல்லாம் எடுத்துவந்து, நாற்காலிக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, முதலில் ஆறு கண்ணாடி லென்ஸின் மரைகளைக் கழற்றினான். பூச்சுப் பூசிய கண்ணாடிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துண்டின் மேல் வைத்தான். ஆறும் பிரிந்தபோது நாற்காலியின் மேல் வெயிலில் தூசி ஆடுவது போல ஒரு அசைவு தெரிந்தது. மூன்று கண்ணாடி லென்ஸைப் பிரித்தபோது கை தெரிந்தது. நரம்பெடுத்த, நகம் தேய்ந்த கை. எதிரெதிர் ஜோடியைப் பிரித்தான், ஒட்டிய கண்ணாடியை அடுப்பில் காட்டிப் பிசினை உருக்கிப் பிரித்தான். வந்த வழியே இருநூறு வருடத்தைத் திரும்பி நடந்து, கடைசியில் அலமாரியின் அடியில் கிடந்த அந்தக் கல்யாண ஒற்றைக் கண்ணாடியைத் துடைத்துக் கண்ணில் வைத்தான். மாசாணியம்மாள் முழுசாக உட்கார்ந்திருந்தாள். ஓரம் கலங்கலாக இருந்தது. வெள்ளைச் சேலையில் சிவப்பும் நீலமுமாகக் கரை ஓடியது. கண்ணாடியைக் கண்ணிலிருந்து எடுக்காமலே அவன் பேசினான், எடுத்துவிட்டால் பேச முடியாது என்று பயந்தவனாக.

“அக்கா, பெரியவங்க யாரும் சொல்லலீங்க. நீங்க நிக்க வேண்டாம்னு நாந்தான் சொன்னேன்.”

“தெரியும் கண்ணு. தேங்கா எடுக்க வந்தவ, பந்தக்காலுக்குப் பின்னாலதான நின்னுட்டு இருந்தேன்.”

“அப்பறம் ஏனுங்க ஒரு வார்த்தை கேக்கல?”

“நீயாச் சொல்லுவேன்னு இருந்தேன். கேக்க எனக்கு வெக்கமா இருந்துச்சு. அதுதான் சும்மா வந்து வந்து நின்னேன்.”

அடுப்படி வாசலில் நின்று சண்முகப்பிரியாவும் இதைக் கேட்டாள். அவள் புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையை அவன் வாழ்நாள் முழுவதும் சுமக்க வேண்டியிருந்தது, அது நியாயம்தான். பிறகு பீரோவைத் திறந்து, எட்டு வருடமாக மடித்து வைத்திருந்த தன் கூறைச்சேலையை எடுத்துவந்து, ஒரு முனையை நாத்தனாரின் கையில் கொடுத்தாள். மறுமுனையை யாரிடமும் கொடுக்கவில்லை, நாற்காலிக்குக் கீழே போட்டுவிட்டுப் போனாள். அதைக் குனிந்து எடுக்க வேண்டியவன் எடுக்கட்டும் என்று விட்டுவிட்டாள் போலிருக்கிறது. திருமூர்த்தி எடுத்தான். அருமைக்காரரும் இல்லை, மேளமும் இல்லை. வெளியே தள்ளுவண்டிக்காரர் வெங்காயம் கூவிக்கொண்டு போனார். கண்ணாடியைக் கீழே வைத்த பிறகும் அக்கா அவன் கண்ணுக்குத் தெரிந்தாள்.

அடுத்த வாரம் நசுருதீனின் ஸ்டுடியோவில் அடையாள அட்டைக்குப் படம் எடுத்தார்கள். விடுபட்டவர்கள் தாங்களே படம் கொண்டுவரலாம் என்று தாலுகா அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். நசுருதீன் அந்த ஒற்றைக் கண்ணாடியை மாட்டினார். மாசாணியம்மாள் தனியாக ஸ்டூலில் உட்கார்ந்தாள். திருமூர்த்தி கேமராவுக்குப் பின்னால் நசுருதீனின் தோளுக்கு அருகில் நின்றான். கழுவிய படத்தில் மாசாணியம்மாள் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பக்கத்தில், எட்டு வருடத்துக்கு முந்தைய உருமால் தலைப்பாகையும் மாலையுமாகத் திருமூர்த்தி நின்றான், தலை நரைக்காதவனாக. படத்தில் அவள் பிடித்திருந்த புதுச்சேலையின் மறுமுனை அவன் கையில் இருந்தது. தலை மட்டும் குனிந்திருந்தது. நசுருதீன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, ஓரம் கொஞ்சம் கலங்கல், மற்றபடி சரியாக இருக்கிறது என்றார்.

தாலுகா அலுவலகத்துக் குமாஸ்தா, அட்டை ஒருவருக்குத்தான், இதில் இரண்டு பேர் இருக்கிறீர்களே என்று கேட்டார். தம்பிங்க, கூட வந்திருக்கான் என்றாள் மாசாணியம்மாள். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. முத்திரையை மட்டும் தம்பியின் மேல் படாமல் தள்ளிக் குத்தினார். அந்த ஒற்றைக் கண்ணாடியை நசுருதீன் திருப்பித் தரவில்லை. இணைச்சீர் லென்ஸ் என்று அதற்குப் பெயர் விழுந்தது. அதில் படம் எடுத்தால் வர வேண்டியவர் யாராவது விடுபட்டிருந்தால் வந்து நின்றுவிடுவார் என்பதால், சிலர் அதில்தான் எடுக்க வேண்டும் என்று கேட்டு வந்தார்கள், சிலர் அது வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு உட்கார்ந்தார்கள். திருமூர்த்தி மறுபடி மில் கண்ணாடிகள் செய்தான்.

செப்டம்பரில் தேர்தல் வந்தது. அவிநாசிப் பள்ளிக்கூடத்தில் பூத் அதிகாரி மாசாணியம்மாளின் அட்டையை வாங்கிப் பார்த்து, அவளைப் பார்த்து, பக்கத்தில் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தார். படத்தில் கூட நிற்பவரை அவருடைய பூத்தில் போய் ஓட்டுப் போடச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு விரலில் மை வைத்தார். வெளியே வேப்பமரத்தடியில் திருமூர்த்தி காத்திருந்தான். மாசாணியம்மாள் மை காய்வதற்கு விரலை ஊதிக்கொண்டே வந்து, அட்டையை அவனிடம் நீட்டினாள்.

“எல்லாம் நல்லா வந்திருக்குது. நீதான் தலையக் குனிஞ்சுட்டு நிக்கற. அடுத்த எலக்சனுக்குள்ள நிமிந்துரு கண்ணு” என்றாள்.

அவன் அட்டையை வாங்கிப் பார்த்தான். நிமிர்வதற்கு இன்னும் நாளாகும் போலத்தான் இருந்தது. அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அக்காவோடு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தான். அவள் கை காட்டினாள், பஸ் நின்றது.